முப்பத்தேழரை இஞ்ச் ஆசை

கோவில்பட்டியில பொறந்த பையன் கிரிக்கெட் பேட்டுக்கு முன்னாடி ஹாக்கி ஸ்டிக்கைத்தான் தொடுவான்னு எங்க ஊர்ல பெருமையா சொல்லிக்குவோம். நானும் தொட்டவன்தான். இஞ்சினியரிங் சேர்ந்ததோட சரி, அதுக்கப்புறம் கையில மவுஸ் மட்டும்தான்.

2025 டிசம்பர்ல மதுரையில ஜூனியர் உலகக்கோப்பை மேட்ச் பாக்க அக்கா பையனைக் கூட்டிட்டுப் போனேன். அவனுக்குப் பதிமூணு வயசு, ஹாஃப் பேக் ஆடுறான். பெனால்டி கார்னர்ல அந்தப் பசங்க டிராக் ஃப்ளிக் போட்டதைப் பாத்து வாயைப் பொளந்தது அவனில்ல, நான். அடுத்த வாரமே ஒரு ஸ்டிக் வாங்கி கூரியர்ல அனுப்பிட்டேன். 37.5 இஞ்ச், 90 சதவீதம் கார்பன், லோ போ. அதாவது ஸ்டிக்கோட வளைவு தலைக்குப் பக்கத்துல, கீழ வரும். பந்தை இழுத்துச் சுழட்டி விட அதுதான் வசதி. விலையைச் சொன்னா அக்கா அடிக்க வருவா. நீளமா? வளர்ற பையன்தானே, பேண்ட் எடுக்கிற மாதிரி எடுத்துட்டேன் :-)

பொங்கலுக்கு ஊருக்குப் போய் காலையில கிரவுண்டுக்குப் போனா, பய கையில பழைய மர ஸ்டிக். தலை பூரா டேப் சுத்தி, பாவமா இருக்கு.

"புதுசு எங்கடா?"

"மழையில நனைஞ்சிரும்னு வச்சிருக்கேன் மாமா."

தை மாசத்துல என்னடா மழை?

வீட்டுல அக்காதான் உடைச்சா. "நீ சங்கடப்படுவன்னு சொல்ல வேண்டாம்னுட்டான்டா."

சாயங்காலம் அதைத் தூக்கிட்டு கோச் சார்கிட்ட போனேன். எனக்கும் சொல்லிக் கொடுத்தவர். பையனைப் பக்கத்துல நிக்க வச்சு ஸ்டிக்கைத் தரையில ஊனினார். மேல்முனை இடுப்பெலும்பு கிட்ட நிக்கணும், இது தாண்டிப் போச்சு. குனிஞ்சு டிரிபிள் பண்ணா பிடி வயித்துல இடிக்குது. அப்புறம் ஒரு பந்தைத் தள்ளி விட்டார். பையன் நிப்பாட்டப் போனான், பந்து தெறிச்சு ரெண்டடி தள்ளிப் போச்சு. கார்பன் ஏற ஏற ஸ்டிக் விறைப்பாயிரும். அடிக்கு வேகம் கிடைக்கும், ஆனா வர்ற பந்தைத் தணிக்காது. ஹாஃப் பேக்குக்கு முதல் வேலையே பந்தை நிப்பாட்டி ஒழுங்கா பாஸ் கொடுக்கிறதுதான். 737 கிராம் வரைக்கும் ஸ்டிக் இருக்கலாம், வளைவு 25 மில்லிமீட்டர் வரைக்கும் போகலாம்னு ரூல் புக்கெல்லாம் படிச்சுட்டுத்தான் வாங்கினேன். பையன் என்ன பொசிஷன்ல ஆடுறான்னு மட்டும் யோசிக்கல.

"ஏலே, இது அவனுக்கு வாங்கினியா, உனக்கா?" ன்னார் சார். பையன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்கான்.

மறுநாள் அவனையே கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் வாயே தொறக்கல. 35 இஞ்ச், ஃபைபர் கிளாஸ் அதிகம், கார்பன் கொஞ்சம், வளைவு நடுவுல. நாலஞ்சை எடுத்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்து அவனே எடுத்தான். விலை முன்னதுல பாதி கூட இல்ல.

கார்பன் ஸ்டிக் இப்ப சென்னையில என் ரூம் கதவுக்குப் பின்னாடி நிக்குது. போன ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில டென்னிஸ் பந்தை வச்சு ஒரு டிராக் ஃப்ளிக் போட்டேன். பந்து நேரா வாட்டர் டேங்க் மேல போய் உக்காந்துருச்சு. முதுகு புடிச்சுக்கிட்டதுல லீவு போட்டுப் படுத்துக்கிட்டேதான் இதை டைப் பண்றேன்.