வீட்டிலேயே ஒரு கல்லூரி

கல்லூரிக்குப் பஸ் ஏறிப் போகிற பெண்ணை, காலை பத்து மணிக்கு யாரும் வேலை ஏவ முடியாது. அதே பட்டப்படிப்பை வீட்டில் இருந்தபடி படிக்கிற பெண்ணை மட்டும், "சும்மாதானே இருக்கே, இந்த வெங்காயத்தை உரிச்சுக் குடேன்" என்று நாலு பேர் கூப்பிடுவார்கள். என் மகள் படிக்கத் தொடங்கியதிலிருந்து நான் கண்டதை, இதே நிலையில் இருக்கும் சகோதரிகளுக்குச் சொல்லலாமே என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம். தென்னையும் பலாவும்தான் சோறு போட்டன. 2018-ல் வந்த கஜா புயலில் தோப்பில் பாதி சாய்ந்துவிட்டது. மகள் பிளஸ் டூ முடித்தபோது, சென்னையில் ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைக்கக் கையில் வசதி இல்லை. அப்போதுதான் அவளுடைய ஆசிரியை ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழிப் பட்டப்படிப்பைப் பற்றிச் சொன்னார்.

2020-ல் தரவு அறிவியலில் இதை ஆரம்பித்தார்கள். 2023-ல் எலக்ட்ரானிக்ஸும் வந்தது. இதற்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டியதில்லை. முதலில் நான்கு வாரம் பாடம் நடத்தி, அதிலேயே தேர்வு வைத்து, தேறியவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தந்தப் பருவத்தில் எடுக்கிற பாடங்களுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும். குடும்ப வருமானச் சான்று காட்டினால் சலுகையும் உண்டு. பாடம் வீட்டில், பரீட்சை மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுதணும். எலக்ட்ரானிக்ஸில் சில ஆய்வகப் பாடங்களைச் சென்னை வளாகத்துக்கே போய்ச் செய்யணும்.

மகள் எலக்ட்ரானிக்ஸில் சேர்ந்தாள். சேர்ந்த மாதமே என் நாத்தனார் ஒரு வரனோடு வந்துவிட்டார்கள். "புள்ள வீட்லதானே இருக்கு? நல்ல எடம் அண்ணி, விட்றாதீங்க" என்றார்கள். மாமியாருக்கும் அதே எண்ணம்தான். என் கணவர் பதில் பேசாமல் இருந்தார். எனக்குப் பகீரென்றது. கல்லூரி வாசல் மிதித்த பெண்ணாக இருந்தால், "படிப்பு முடியட்டும்" என்று அவர்களே சொல்லியிருப்பார்களே!

முதல் பரீட்சைக்கு அவரையே மகளோடு திருச்சிக்கு அனுப்பினேன். அடையாள அட்டையைப் பார்த்து, சோதனை போட்டு, ஒவ்வொருவராக உள்ளே விட்டதை வெளியே நின்று பார்த்திருக்கிறார். ராத்திரி சாப்பிடும்போது, "இது நெசமான படிப்புதான். வரன் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மாமியார் முணுமுணுத்தார்கள், ஆனாலும் பேச்சு அதோடு நின்றது.

பிறகு வீட்டில் சில ஏற்பாடுகள் செய்தோம். நெல் மூட்டை அடுக்கிய அறையில் ஒரு மூலையை ஒழித்து, மேசையும் நாற்காலியும் போட்டோம். காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை அவள் 'கல்லூரியில்' இருக்கிறாள்; விருந்தாளி வந்தாலும் காப்பி போடக் கூப்பிடுவதில்லை. கட்டிலில் படுத்தபடி பாடம் கேட்கக் கூடாது. கழுத்தும் முதுகும் பிடித்துக்கொள்ளும். அவ்வப்போது எழுந்து வாசல் வேப்பமரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் கண்ணுக்கு நல்லது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், பதினொரு மணிக்குக் கடலை உருண்டை அல்லது கொய்யாப்பழம். சாயங்காலம் அவளும் வீட்டு வேலையில் கை கொடுப்பாள், தம்பியும் கொடுப்பான். அதில் ஆண், பெண் பேதம் வைக்கவில்லை.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லை. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, வயதுக்கு வந்தபின் பள்ளிக்குப் போக முடியாமல் வீட்டிலேயேதான் படித்தார். 1902-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டும் படித்துக்கொண்டிருந்த மன்னர் கல்லூரியில் சேர எதிர்ப்பு எழுந்தது. மகாராஜாவின் அனுமதியோடு சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். 1954-ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியவர் அவர்தான். வீட்டுத் திண்ணையில் தொடங்கிய படிப்பு அவ்வளவு தூரம் போயிருக்கிறது. அவருக்கு வீட்டில் படிக்க நேரம் கொடுத்து, பாடமும் சொல்லிக்கொடுத்த ஓர் அப்பா இருந்தார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

போன பருவத்தில் ஆய்வக வகுப்புக்காக மகள் முதல்முறையாகச் சென்னை வளாகத்துக்குப் போனாள். பையில் புளியோதரை கட்டிக் கொடுத்தேன். மாமியார் விபூதி பூசி, "பத்திரமாப் போயிட்டு வா ஆத்தா" என்றார்கள். அன்று ராத்திரி போனில், "அம்மா, இங்க மான் திரியுதும்மா! வீட்ல வீடியோவுல பாத்த கருவிய இன்னிக்கு நானே கையில தொட்டேன்" என்றாள். அடுத்த பருவத்துக்கும் போகணுமாம். பயணச் செலவுக்காக இப்போதே சீட்டுப் போட ஆரம்பித்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெண்ணும் இப்படிப் படிக்கலாம். மேசையும் லேப்டாப்பும் கடன் வாங்கியாவது வாங்கிவிடலாம். அந்த மூன்று மணி நேரத்தை மட்டும் நாம்தான் காவல் இருந்து கொடுக்கணும்.