ஊர்ப்பெயரைச் சுமக்கும் நோய்

ஜோக் அருவிக்குப் போகிறவர்கள் சாகராவில் இறங்கி டீ குடிப்பார்கள், சந்தன மரச் சிற்பங்களை விலை கேட்பார்கள். அருவிக்கு இன்னும் சுமார் 30 கி.மீ. கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், இதே சாகரா தாலுகாவில்தான் இருக்கிறது ஹந்திகோடு. பாக்குத் தோப்பும் நெல் வயலுமாக மலைநாட்டின் மற்ற கிராமங்களைப் போன்ற ஊர். ஆனால் உலக மருத்துவ ஏடுகளில் இதற்கு இடமுண்டு: 'ஹந்திகோடு நோய்'.

1970களின் மத்தியில் இது கவனத்துக்கு வந்தது. இடுப்பிலும் முழங்காலிலும் வலி தொடங்கும், நடை தள்ளாடும், முற்றினால் தவழ வேண்டியதுதான். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சன்னங்கி, சலவாதி ஆகிய தலித் சமூகங்களைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். பூச்சிமருந்து தெளித்த வயல்களில் பிடித்த நண்டைத் தின்றதுதான் காரணம் என்று முதலில் சந்தேகம் எழுந்தது. ஆனால் நோய் குடும்பம் குடும்பமாக வருவதை 1977லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 1994ல் வெளியான எக்ஸ்ரே ஆய்வு விஷயத்தைத் தெளிவாக்கியது. இது எலும்பு வளர்ச்சியில் ஏற்படும் பரம்பரைக் கோளாறு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே போதும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வர சரிபாதி வாய்ப்பு. சிலருக்கு மூட்டு நோவோடு நிற்கும். சிலர் வளர்ச்சி குன்றிக் குள்ளமாகிவிடுவார்கள்.

நண்டு என்றால் தின்பதை நிறுத்தலாம். பிறப்பிலேயே வருவதை என்ன செய்வது? நாற்று நடவும் களை பறிக்கவும் குனிந்தாக வேண்டும். இடுப்பு மூட்டு கெட்டால் அன்றாடக் கூலியும் போய்விடும். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை சிலரை நடக்க வைக்கலாம். மூலக் கோளாறை அது தொடுவதில்லை. வலியைத் தணிக்க மருந்து உண்டு, நோயைத் தீர்க்க இல்லை.

இதே மாவட்டம் இன்னொரு நோய்க்கும் பெயர் கொடுத்திருக்கிறது. சொரபா தாலுகாவின் க்யாசனூர் காட்டில் 1957ல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் அது. அந்தக் காட்டுக்குள் போகிறவர்கள் உண்ணிக் கடிக்குப் பயப்படுவதில் நியாயம் உண்டு. ஹந்திகோட்டுக்குப் போகிறவர்கள் பயப்பட எதுவும் இல்லை. இங்கே நோய் தண்ணீரிலும் இல்லை, மண்ணிலும் இல்லை; தொட்டால் ஒட்டுவதும் இல்லை. ஊரின் பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

நோயோடு வளர்ந்து ஆளானவர்களின் தேவை பெரியதல்ல: எட்டும் தூரத்தில் ஓர் எலும்பு டாக்டர், திருமணத்துக்கு முன் உண்மையைச் சொல்லி விளக்க ஒருவர், குனியாமல் உட்கார்ந்தபடி செய்ய ஒரு வேலை.