காய்ந்த செடிக்கு இத்தனை கூட்டமா?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் வழியில் இருக்கிறது கல்லாறு. நீலகிரி மலை ரயிலுக்குப் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்குவது இங்கேதான். பாக்குத் தோப்புகளைத் தாண்டி ஓடைப் பக்கம் இறங்கினால், வெயில் நன்றாக விழுகிற மேட்டில் கிலுகிலுப்பைச் செடிகள் இடுப்புயரம் நிற்கின்றன. அக்டோபர் மாதம். கொத்துக் கொத்தாய் மஞ்சள் பூ. ஆனால் பூவைச் சீந்துவாரில்லை. மாடு மிதித்து ஒடிந்து, கறுத்துச் சுருண்டு கிடந்த ஒரு கிளையின் மேல்தான் வண்ணத்துப்பூச்சிகள் அப்பிக்கொண்டிருந்தன.

"அந்தப் பக்கமா வராதீங்க்கா. நெழல் விழுந்தா எந்திரிச்சுப் போயிரும்" என்றார் கூட்டிவந்த தம்பி. கோவையில் லேத் பட்டறையில் வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்துவிடுவார்.

கறுப்பில் வெளிர்நீலக் கோடும் புள்ளியுமாக இருப்பது நீல வரியன். காப்பிக்கொட்டை நிறத்தில், இறக்கை ஓரம் வெள்ளைப் புள்ளி வைத்தது வெண்புள்ளிக் கருப்பன். வடகிழக்குப் பருவமழையை ஒட்டி கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் பக்கமிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கிக் கூட்டம் கூட்டமாகப் போகிறவை இவைதான். போகிற வழியில் இப்படிச் சருகில் இறங்கி உட்கார அப்படி என்ன அவசரம்?

முட்டிபோட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு நீல வரியனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு காலில்தான் நிற்கிறது. முன்னங்கால் இரண்டும் சிறுத்து மார்போடு ஒட்டியிருக்கின்றன. சுருட்டிவைத்திருந்த உறிஞ்சுகுழலை நீட்டித் தண்டின் மேல் வைத்தது. குழல் நுனியில் துளி ஈரம். அந்த ஈரத்தால் காய்ந்த தண்டை நனைத்து, ஊறியதைத் திரும்ப உறிஞ்சியது. நடுநடுவே கால் நகத்தால் தண்டைச் சுரண்டியது. சருகில் ஏது தேன்? தன் எச்சிலைக் கொடுத்துச் செடியிலிருந்து எதையோ கரைத்து எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கேமராவைக் கொண்டுபோனபோதும் அசையவில்லை. பூவில் உட்காரும்போது இப்படி விடாது.

"இதுல பொண்ணு எத்தனைன்னு சொல்லுங்க பாக்கலாம்."

எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. அவர் காட்டிக் கொடுத்தார். ஆண் நீல வரியனின் பின்னிறக்கை அடிப்பக்கத்தில் சின்னப் பை மாதிரி புடைத்திருக்கும். ஆண் கருப்பனின் முன்னிறக்கை மேல்பக்கத்தில் ஒரு கோடு. எருக்கஞ்செடியில் முட்டையிடுகிற வெந்தய வரியனிலும் ஆணுக்குப் பின்னிறக்கையில் ஒரு கரும்பொட்டு கூடுதல். இந்த அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அந்தக் கிளையில் இருந்தவை ஏறக்குறைய அத்தனையும் ஆண்கள்.

அவர்கள் தேடி வருவது விஷத்தை. கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்குச் செடியிலும் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற வகை நச்சுகள் இருக்கின்றன. ஈரலைக் கெடுப்பவை. 1975-ல் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில் கிலுகிலுப்பை இன விதை சாமையோடு கலந்துபோய், அதைச் சாப்பிட்ட மக்கள் வயிறு வீங்கி, ஈரல் கெட்டு இறந்தார்கள். இலையைத் தின்ன வரும் உயிர்களை விரட்டத்தான் செடி இந்த நஞ்சை வைத்திருக்கிறது. இந்த வண்ணத்துப்பூச்சிகளோ அதை உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. கடித்துப் பார்க்கிற பறவைக்கு வாய் கசந்துவிடும். செடி வாடும்போது இவற்றை இழுக்கிற வாடை நன்றாகக் கிளம்புகிறது. அதனால்தான் பச்சைச் செடியைவிட ஒடிந்த கிளைக்கு மவுசு. தம்பியே தேள்கொடுக்கைப் பிடுங்கிக் காயவைத்து மரக்கிளையில் கட்டித் தொங்கவிடுவதுண்டாம். ஊர் ஊராகப் பட்டாம்பூச்சிப் பூங்கா அமைக்கிறவர்கள் இட்லிப்பூ வரிசை வரிசையாக நட்டுவிட்டு, கிலுகிலுப்பையையும் தேள்கொடுக்கையும் களை என்று வெட்டி எறிவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பறவையிடம் தப்பிக்க மட்டும் என்றால் பெண்களும் சம அளவில் வந்திருக்க வேண்டுமே? இந்தக் கேள்விக்குப் பதில் அமெரிக்காவில், 'ராணி' என்று அழைக்கப்படுகிற, நம் வெந்தய வரியனின் நெருங்கிய சொந்தக்கார இனத்தில் கிடைத்தது. தாமஸ் பிளிஸ்கேயும் தாமஸ் ஐஸ்னரும் 1969-ல் வெளியிட்ட ஆய்வு அது. ஆணின் வயிற்று நுனிக்குள் இரண்டு மயிர்த் தூரிகைகள் மடிந்திருக்கின்றன. பெண்ணைக் கண்டால் பின்னால் துரத்திப் போய், முந்திக்கொண்டு, தூரிகையை விரித்து அவளுடைய உணர்கொம்பில் தடவுகிறது. தூரிகையிலிருந்து உதிரும் பொடியில் டனைடோன் என்ற மணப்பொருள் இருக்கிறது. அதோடு பசை போன்ற இன்னொரு பொருளும் சேர்ந்து வருவதால் பொடி உணர்கொம்பில் ஒட்டிக்கொள்கிறது. அவள் இறங்கி உட்கார்ந்து இறக்கையை மடக்கினால் சம்மதம். கூண்டுக்குள் வளர்ந்து இந்தச் செடிகளையே காணாத ஆண்கள் துரத்துவதிலும் தடவுவதிலும் குறைவைக்கவில்லை. ஆனாலும் பெண்கள் பெரும்பாலும் மசியவில்லை. அவற்றின் தூரிகையில் டனைடோன் இல்லை. செடியின் நஞ்சிலிருந்துதான் அந்த மணத்தைத் தயாரிக்க முடியும்.

கண்ணுக்கு இதில் வேலையே இல்லை என்று சொல்லவில்லை. துரத்தலைத் தொடங்கிவைப்பது கண்தான். ஆனால் அது சுத்தமாக ஏமாறக்கூடிய கண். நெதர்லாந்தில் டின்பெர்கன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் தூண்டில் கழியில் காகிதப் பூச்சியைக் கட்டி ஆட்டினார்கள். கிரேலிங் என்ற இனத்தின் ஆண்கள் அதன் பின்னாலேயே பறந்தன. 1942-ல் வெளியான ஆய்வு. நிறம் எதுவானாலும் அவற்றுக்குப் பெரிய வித்தியாசமில்லை. நிஜப் பெண் கிடைத்துவிட்டால் அந்த ஆண் அவள் முன்னால் குனிந்து, அவளுடைய உணர்கொம்புகளைத் தன் இறக்கைகளுக்கு நடுவே பிடித்து, மணச் செதில்களின் மேல் படவைக்கும். தன்னினமா, தகுதியா என்ற விசாரணை இந்த இடத்தில்தான்.

மணம் எதற்குச் சான்று? 1989-ல் ராணி இனத்திலேயே இதையும் கண்டுபிடித்தார்கள். ஆண் சேர்த்துவைத்த நஞ்சு புணர்ச்சியின்போது விந்தோடு பெண்ணுக்குப் போகிறது. அவள் அதை முட்டைகளுக்குக் கொடுத்து அவற்றைக் காக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் சீர் கொண்டுவருகிற கல்யாணம் இது. தட்டில் என்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே மோந்து பார்த்துவிடுகிறாள். இதே குடும்பத்தைச் சேர்ந்த மோனார்க் மட்டும் இந்த மரியாதை எல்லாம் பார்ப்பதில்லை. ஆண் பெண்ணைப் பறக்கும்போதே பிடித்துக் கீழே தள்ளிவிடுகிறது. அதன் தூரிகைகளும் சிறுத்துப்போய்விட்டன.

பதினொரு மணி வாக்கில் வெயில் ஏறியது. "மேல பாருங்க்கா!" புதருக்கு மேலே ஒரு வெண்புள்ளிக் கருப்பன், இறக்கையை அதிகம் அடிக்காமல் மெதுவாக வட்டமடித்தது. வயிற்று நுனியில் இரண்டு பக்கமும் மஞ்சள் நிறத்தில் மயிர்க்கொத்து விரிந்திருந்தது. எதிரே பெண் யாரும் தென்படவில்லை. காற்றிலேயே மணத்தைப் பரப்பிக்கொண்டு சுற்றியது. மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஓடைச் சேற்று வாடை தவிர எனக்கு ஒன்றும் எட்டவில்லை.

எல்லா மணமும் அழைப்பு அல்ல. ஐரோப்பாவில் பச்சை நரம்போடிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. அதன் ஆண், புணரும்போது பெண்ணின் மேல் மெத்தில் சாலிசிலேட்டை ஏற்றிவிடுகிறது. ஊட்டிக் கடைகளில் வின்டர்கிரீன் என்று விற்கிற வலித் தைலத்தின் வாசனை அதனுடையதுதான். அந்த வாசனை அடித்தால் பிற ஆண்கள் கிட்டே வருவதில்லை. முதலில் வந்தவனுக்கு அது காவல். அவளுக்கும் தொல்லை குறைகிறது.

கிளம்புகிற நேரத்தில் ஒரு நீல வரியன் ஓடைக்கு மேலே இன்னொன்றைத் துரத்தியது. இரண்டும் சுழன்று மேலே போய், இறங்கி, பாக்கு மரத்தடியில் பெண் உட்கார்ந்தது. ஆண் அவள் தலைக்கு மேலே நின்று மிதந்தது. தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைத் தூக்கினார். அவள் இறக்கையை மடக்கவே இல்லை. இரண்டு மூன்று நொடி. சட்டென்று எழும்பித் தோப்புக்குள் போய்விட்டாள். ஆண் கொஞ்ச தூரம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி நேராக அந்த ஒடிந்த கிளைக்கே வந்தது.

"இன்னும் சரக்குப் பத்தலையாட்ட இருக்குதுங்க்கா" என்றார் தம்பி.

அவள் ஏற்கெனவே ஜோடி சேர்ந்தவளாகவும் இருக்கலாம் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.