முணுமுணுப்பு

‘முணுமுணுக்காதே’ என்பது பெரும்பாலும் பெண்களுக்கென்றே வைத்திருக்கிற அதட்டல். உரக்கப் பேசினால் வாயாடி. அடக்கிப் பேசினால் முணுமுணுப்பு. இதயம் வழக்கத்துக்கு மாறாக எழுப்பும் ஓசைக்கு மருத்துவத் தமிழும் ‘இதய முணுமுணுப்பு’ என்றே பெயர் வைத்திருக்கிறது. அந்தச் சொல்லைக் கடந்து போக எனக்கு முடியவில்லை. முணுமுணுப்பைக் காதில் வாங்காமல் விடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று அல்லவா?

இதயத்தின் நான்கு வால்வுகள் மூடும்போது எழும் ஓசையே ‘லப்–டப்’. அதற்கு இடையே கேட்கும் இரைச்சல்தான் முணுமுணுப்பு. எங்கள் பக்கத்து ஏரி மதகை நினைத்துக்கொள்ளலாம். மதகு முழுதாகத் திறந்தால் தண்ணீர் அமைதியாகப் போகும். பாதியில் நின்றாலோ, மூடிய பிறகும் இடுக்கில் கசிந்தாலோ இரையும். வால்வு சுருங்கினாலும் கசிந்தாலும், இதயச் சுவரில் துளை இருந்தாலும் இரத்தம் அப்படித்தான் இரைகிறது.

முணுமுணுப்பு ஒரு நோயல்ல, அறிகுறி. எல்லா முணுமுணுப்பும் ஆபத்தானதும் அல்ல. நலமாக இருக்கும் குழந்தைகள் பலருக்கு அது கேட்கும். வளர வளர மறைந்துபோகும். காய்ச்சலிலும் கர்ப்பத்திலும் கேட்கலாம். கடுமையான இரத்தசோகையில் இரத்தம் நீர்த்து, வேகமாக ஓடுவதாலும் கேட்கும். ஹீமோகுளோபின் ஏறினால் அடங்கிவிடும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை வழித்துச் சாப்பிடும் பெண்ணின் நெஞ்சில் அப்படிக் கேட்டால், குறை இதயத்தில் இல்லை, அடுப்படியில் இருக்கிறது. எது எந்த வகை என்று எக்கோ பரிசோதனை சொல்லிவிடும். அதில் ஊசியில்லை, வலியில்லை, கர்ப்பிணிகளும் செய்துகொள்ளலாம்.

குரும்பலூரில் என் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மாடியேறி வந்தால் பத்து நிமிடம் அவளால் பேச முடியாது. பத்து வயதில் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்து, சில வாரங்களில் முழங்கால் வீங்கியிருக்கிறது, பிறகு கணுக்கால். “வளர்ற புள்ளைக்குக் காலு வலிக்கத்தானே செய்யும்” என்று தைலம் தேய்த்துவிட்டிருக்கிறார்கள். அது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டையில் தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு உரிய மருந்து கொடுக்காவிட்டால், சில பிள்ளைகளுக்கு உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்குகிறது. மூட்டு ஆறிவிடும். வால்வில் விழுந்த தழும்பு ஆறாது.

பிறகு ஒரு மருத்துவர் அவளுடைய முணுமுணுப்பைக் கண்டுபிடித்தார். 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. பல வருடங்களுக்கு விடாமல் போட வேண்டும். காய்ச்சல் திரும்ப வந்து வால்வை மேலும் கெடுக்காமல் காப்பது அந்த ஊசிதான். வரன் வரத் தொடங்கியதும் ஊசி நின்றது. “ஆஸ்பத்திரி வாசல்ல யாராச்சும் பாத்துட்டா, அப்புறம் இவள யாரு கட்டிக்குவா, டீச்சர்?” என்று அவள் அம்மா கேட்டார். டாக்டர் சொன்ன ‘மர்மர்’ அவர் காதில் ‘மர்மம்’ என்றே விழுந்திருந்தது. அட்டையைத் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தார். காட்டு வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைத்த அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்ணைக் கண்ணால் எடைபோடும் சந்தையை அவர் உண்டாக்கவில்லை.

ஆனால் அந்த மறைப்பின் கணக்கு பிரசவ அறையில் தீர்க்கப்படுகிறது. கர்ப்பத்தில் உடலின் இரத்த அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடுகிறது. சுருங்கிய மைட்ரல் வால்வால் அவ்வளவையும் கடத்த முடியாது. நுரையீரலில் நீர் கோக்கும். அப்போதும் வீட்டில் என்ன சொல்வார்கள்? “புள்ளத்தாச்சின்னா மூச்சு வாங்கத்தான் செய்யும்.” முன்பே தெரிந்தால் மருந்து இருக்கிறது, வால்வை விரிக்கும் பலூன் சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை இருக்கிறது. உலோக வால்வு பொருத்தியவர்கள் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அது கருவைப் பாதிக்கலாம். தானாக நிறுத்தினால் தாயின் உயிருக்கே ஆபத்து. ஆகவே குழந்தை எப்போது என்பதை மருத்துவரோடு பேசி அவள்தான் முடிவெடுக்க வேண்டும், மாமியார் அல்ல.

ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதையிலும் ஒரு பெண் இருக்கிறாள். 1816இல் பாரிஸில், இளம்பெண் ஒருத்தியின் மார்பில் காது வைத்துக் கேட்கக் கூசிய மருத்துவர் லென்னெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். அவள் பெயர் பலருக்குத் தெரியாது. 200 வருடம் கழித்தும் நம் பெண்கள் துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, தோளைக் குறுக்கியே உட்காருகிறார்கள். துணிக்கு மேல் வைத்தால் மெல்லிய முணுமுணுப்பு தப்பிவிடக்கூடும். கூச்சமாக இருந்தால், பக்கத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பரிசோதனை வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேட்கத் தெரிந்த பெண்களும் வந்தார்கள். அமெரிக்காவின் ஹெலன் டாசிக் செவித்திறனை இழந்த பிறகு, குழந்தைகளின் நெஞ்சில் விரல் வைத்தே இதயத்தை அறிந்தார். அவரிடம் பயின்றவர் பர்மாவில் 1917இல் பிறந்த எஸ். பத்மாவதி. 1942இல் போருக்குத் தப்பி இந்தியா வந்து, நாட்டின் முதல் பெண் இதயநோய் மருத்துவரானார். டெல்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். ருமாட்டிக் இதய நோயை ஆராய்ந்தார். 2020இல் 103ஆம் வயதில் கொரோனா தொற்றால் இறந்தார். இந்தப் பெயரை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவிகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ஒருநாள் அந்த மாணவி கேட்டாள்: “மேடம், மாப்ள வீட்ல நானே சொல்லிடட்டுமா?”

“உன் உடம்பு. நீ சொன்னா சரியா இருக்கும்” என்றேன்.

சொன்னாள். அந்த வரன் தட்டிப்போனது. அவள் அம்மா சில மாதங்கள் என்னிடம் பேசவில்லை. ஊசி அட்டை இப்போது துணிகளுக்கு அடியில் இல்லை. அவள் கைப்பையில், பஸ் பாஸ் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த தேதியை அவளே எழுதி வைத்துக்கொள்கிறாள்.