உடும்பு வாலும் காணாமப் போன ரெண்டு டிஸ்க்கும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா போன வாரம் ஊர்ல நடந்த கூத்தை எழுதாம விட்டா தூக்கம் வராது. பொட்டி தட்டுற மக்களுக்கு இது நிச்சயம் உபயோகப்படும். மத்தவங்க கதையா நெனச்சுப் படிச்சுக்கோங்க.

நமக்கு ஊரு மாகறல். காஞ்சிபுரத்துலேர்ந்து உத்திரமேரூர் போற ரோட்டுல, செய்யாற்றங்கரையில இருக்கு. சம்பந்தர் பாடின தலம். சாமி பேரு திருமாகறலீஸ்வரர். சின்ன வயசுல ஆயா (அப்பாவைப் பெத்தவங்க) சொன்ன தலபுராணக் கதை ஒண்ணு உண்டு. ஒரு சோழ ராஜா, தங்க நிறத்துல ஓடுற உடும்பைப் பாத்துட்டுத் துரத்துறாரு. அது ஓடிப்போய் ஒரு புத்துக்குள்ள பூந்துக்குது. விடாதேன்னு ஆளுங்களை விட்டு வெட்டச் சொல்றாரு. வெட்டு உடும்போட வால்ல பட்டு ரத்தம் வருது. அப்புறம்தான் உள்ள இருந்தது சாமின்னு தெரியுது. லிங்கம் இன்னிக்கும் உடும்பு வால் மாதிரிதான் இருக்கும். இந்தக் கதையை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வேணும்.

இப்ப மேட்டருக்கு வர்றேன்.

ஊர்ல எங்க வீட்டு உள்ரூம்ல, நெல்லு மூட்டைக்குப் பக்கத்துல, மர ஸ்டூல் மேல ஒரு பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். அதுல நாலு டிஸ்க், ஒவ்வொண்ணும் 4 டெராபைட். மேல ட்ரூநாஸ். நாலுல ஒண்ணு செத்தாலும் டேட்டா தப்பிக்கிற மாதிரி அமைப்பு. ரெண்டு போனா எல்லாமே போச்சு. அப்பா இதுக்கு வச்ச பேரு 'குதிரு'. முன்னாடி நெல்லு கொட்டி வச்ச மண் குதிரு இருந்த அதே மூலையிலதான் இதுவும் இருக்கு.

குதிருக்குள்ள என்ன இருக்குன்னு கேக்குறீங்களா? குடும்பப் போட்டோ, பத்திரம், பென்ஷன் பேப்பர் எல்லாம் இருக்கு. அதை விட முக்கியமா அப்பாவோட ஒலிப்பதிவுகள். அவர் கூட்டுறவு சங்கத்துல கணக்கு எழுதி ரிடையர் ஆனவர். 2021லேர்ந்து கையில ஒரு சின்ன ரெக்கார்டரை வச்சுக்கிட்டு, ஊர்ல வயசானவங்க வீட்டுத் திண்ணையா பாத்து உக்காந்துக்குவாரு. எந்தக் கழனிக்கு என்ன பேரு, ஏரித் தண்ணி முறை எப்படி வச்சாங்க, கிச்சிலிச் சம்பா எந்த மாசம் விதைச்சாங்கன்னு கேட்டுப் பதிவு பண்ணுவாரு. "இதெல்லாம் யாருப்பா கேக்கப் போறா?"ன்னு நான் ஒரு தடவை சிரிச்சேன். அவர் சிரிக்கலை.

போன சனிக்கிழமை காலையில போன்.

"டேய், குதிருல ஒண்ணும் தெரியலடா."

"என்னப்பா தெரியல?"

"எதுவுமே தெரியல. ராத்திரி ரெண்டு மூணு தடவ கரண்ட்டு போய் வந்துச்சு."

அம்பத்தூர்ல இருந்தபடியே உள்ள நுழைஞ்சு பாத்தேன். வயித்துல புளியக் கரைச்சுது. நாலு டிஸ்க்குல ரெண்டைத்தான் மெஷின் காட்டுது. மீதி ரெண்டும் லிஸ்ட்லயே இல்லை. பழுதுன்னும் சொல்லலை, எரர்னும் சொல்லலை. அப்படி ரெண்டு டிஸ்க் இருந்ததே தெரியாத மாதிரி நிக்குது. ரீஸ்டார்ட் பண்ணேன். அதே கதை.

பேக்கப் இருக்கான்னு கேப்பீங்க. இருக்கு, ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல. கடைசியா காப்பி எடுத்தது போன வருஷம் ஆடி மாசம். ஆயாவை அப்பா உக்கார வச்சுப் பேச வச்சது அதுக்கப்புறம் வந்த தை மாசம். ஆயா தவறினது பங்குனியில. கணக்குப் போட்டுப் பாருங்க.

அன்னிக்கு ராத்திரி வரைக்கும் மல்லுக் கட்டிட்டு, ஒரு முடிவுக்கு வந்தேன். ரெண்டு டிஸ்க்கும் காலி. இருக்குற ரெண்டை வச்சுப் புதுசா ஆரம்பிச்சு, பழைய பேக்கப்பை ஏத்திட்டு, போனது போச்சுன்னு விட வேண்டியதுதான். புதுசா உருவாக்குற பக்கத்தையும் தொறந்துட்டேன். அந்த ரெண்டு டிஸ்க்குல இருக்கறது அழிஞ்சிடும், சம்மதமான்னு கேக்குது. அப்பாவுக்குச் சொல்லிட்டு அமுக்கலாம்னு போன் போட்டேன்.

"ரெண்டும் செத்துடுச்சுன்னு யாரு சொன்னது?"

"மெஷின் காட்டலையேப்பா."

"காட்டலன்னா செத்துடுச்சா? ஆள் வரலன்னா ஆப்சென்ட்டுன்னு போடு. செத்துட்டான்னு போடாத. மொதல்ல எந்த ரெண்டு வரலன்னு சொல்லு."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. பதினாறு வருஷமா இதே தொழில்ல சோறு திங்குற எனக்கு அந்தக் கேள்வி தோணலையே! எஸ்டிஏ, எஸ்டிபின்னு மெஷின் வைக்கிற பேரை நம்ப முடியாது. ஒவ்வொரு தடவ பூட் ஆகும்போதும், எது முதல்ல கண்ணுல படுதோ அதுக்கு முதல் பேரு. நேத்து எஸ்டிபியா இருந்தது இன்னிக்கு எஸ்டிஏ ஆகலாம். மாறாதது டிஸ்க் முதுகுல ஒட்டியிருக்குற சீரியல் நம்பர் மட்டும்தான். நாலு டிஸ்க் நம்பரையும் நான் எங்கயும் எழுதி வைக்கலை.

அப்பா எழுதி வச்சிருந்தாரு. நாலு டிஸ்க்கையும் நான் மாட்டின அன்னிக்கே, நீள ரெஜிஸ்டர்ல கோடு போட்டு, மேலேர்ந்து கீழ ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு வரிசை, சீரியல் நம்பர், வாங்கின தேதின்னு எல்லாம். அப்ப நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஸ்க்ரீன்ல தெரியிற ரெண்டு நம்பரைப் படிச்சேன். அவர் டிக் அடிச்சாரு.

"மேல ரெண்டும் இருக்குடா. மூணும் நாலும்தான் வரல."

கீழ இருக்குற ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல உள்ளது. அப்பதான் எனக்கு மண்டையில லைட் எரிஞ்சுது.

"அப்பா, பக்கவாட்டு மூடியக் கழட்டுங்க. ஒயரத் தொடாதீங்க. டிஸ்க் மேல மட்டும் கை வச்சுப் பாருங்க. அதிருதா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "மேல ரெண்டு அதிருது. லேசா சூடும் இருக்கு. கீழ ரெண்டும் சும்மா கெடக்கு. ஜில்லுன்னு இருக்கு."

இதை விடத் தெளிவான பரிசோதனை எந்த சாஃப்ட்வேர்லயும் கிடையாது மக்களே. டேட்டா கேபிள்ல மட்டும் கோளாறுன்னா டிஸ்க் பெரும்பாலும் சுத்தும், மெஷினுக்குத்தான் தெரியாது. சுத்தவே இல்லைன்னா, கரண்ட்டு போய்ச் சேரலை. ரெண்டு டிஸ்க் ஒரே ராத்திரியில தனித்தனியா சாகறதை விட, ரெண்டுக்கும் பொதுவான ஒண்ணு கைவிடறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். டேட்டா கேபிள் நாலுக்கும் தனித்தனி. மூணுக்கும் நாலுக்கும் பொதுவா இருந்தது ஒண்ணே ஒண்ணு: பவர் சப்ளையிலேர்ந்து வர்ற பழைய நாலு முள் கனெக்டரை ரெண்டு சாட்டாவா பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ஒயர்.

"அப்பா, உடனே ஆஃப் பண்ணிட்டு பிளக்கைப் புடுங்கிடுங்க. நான் காலையில வர்றேன்."

"சரி. ஒரு வாரமாவே அந்த ரூம்ல கருகின வாசனை வருதுன்னு உன்கிட்ட சொன்னேன்ல?"

சொன்னாருதான். யாராவது கொல்லையில குப்பை எரிப்பாங்கப்பான்னு நான்தான் சொன்னேன். பக்கத்துல நெல்லு மூட்டை. அடுத்து கட்டில். அன்னிக்கு ராத்திரி டிஸ்க்கை நெனச்சு எனக்குத் தூக்கம் போகலை.

ஞாயித்துக்கிழமை காஞ்சிபுரம் போய், உத்திரமேரூர் பஸ் புடிச்சு எறங்கினேன். ஸ்ப்ளிட்டரைக் கழட்டினா, ஒரு பக்க பிளாஸ்டிக் பழுப்பாகி, வெள்ளை வெல்லப்பாகு மாதிரி உருகி எறங்கியிருந்துச்சு. 3.5 இஞ்ச் டிஸ்க் ஒண்ணு சுத்த ஆரம்பிக்கும்போது 12 வோல்ட்டுல சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். ரெண்டுக்கு 4. ஓட ஆரம்பிச்சுட்டா அதுல பாதி கூட வேணாம். கரண்ட்டு போய்ப் போய் வரும்போதெல்லாம் அந்த மொத இழுப்பு திரும்பத் திரும்ப வரும். பிளாஸ்டிக்கை உருக்கி ஒரே அச்சா ஊத்தின மலிவு ஸ்ப்ளிட்டர்ல ஒயர்கள் நெருக்கமா இருக்கும், உள்ள எப்படி ஒட்டியிருக்குன்னும் தெரியாது. ஒயரை ஒவ்வொரு முள்ளா அழுத்திப் புடிச்ச வகைதான் இதுக்கு நல்லது. அந்த மலிவுச் சமாச்சாரத்தை வாங்கி மாட்டினது சாட்சாத் நானேதான். சொந்தச் செலவில் சூனியம்.

இன்னும் கேவலம் என்னன்னா, பவர் சப்ளையிலேர்ந்தே நேரா வர்ற சாட்டா ஒயர் ஒண்ணு, டேக் கட்டி பின்னாடி மடக்கி வச்சபடி உபயோகப்படாமக் கெடந்துச்சு. அதை எடுத்து மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன். நாலும் வந்துச்சு. எதையும் அழிக்காம விட்டதால, பழைய குதிரு அப்படியே தொறந்துச்சு. ஸ்மார்ட் ரிப்போர்ட்ல 5ம் எண்ணும் 197ம் எண்ணும் சைபர், அதாவது டிஸ்க் தட்டுல கெட்ட இடம் எதுவும் பதிவாகலை. ராத்திரி பூரா ஸ்க்ரப் ஓட விட்டேன். எரர் இல்லை.

ஸ்க்ரப் ஓடிக்கிட்டிருக்கும்போது அப்பா பக்கத்துல வந்து உக்காந்தாரு.

"ஆயாவது இருக்கா பாரு."

இருந்துச்சு. நாப்பது நிமிஷம். கழனிக்குப் பேரு சொல்றாங்க, நடவுப் பாட்டு ஒண்ணை எடுத்துப் பாதியில மறந்துட்டு வேற பேச்சுக்குப் போறாங்க. கடைசியில, "போதும்டா, அந்த டப்பாவ அணை, சோறு ஆறுது"ன்னு அப்பாவைத் திட்டுறாங்க. அந்த எடத்துல அப்பா மட்டும் லேசாச் சிரிச்சாரு. பங்குனிக்கப்புறம் அதை அவர் கேட்டதே இல்லையாம்.

ரெய்டுங்கற யோசனையை 1988ல பெர்க்லியில பாட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேர் கட்டுரையா எழுதினாங்க. டிஸ்க் ஒவ்வொண்ணும் தனித்தனியாத்தான் பழுதாகும்கறது அதுல போட்ட கணக்கு. நான் ஒரே ஒரு மலிவு ஒயரைப் போட்டு அந்தக் கணக்கையே உடைச்சிருக்கேன். ரெய்டு வேற, பேக்கப் வேறன்னு எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கேன்! அவ்வ்வ்வ்.

இதை அப்பாகிட்ட சொன்னப்ப, அவர் தேவாரத்துக்குப் போயிட்டாரு. சிதம்பரத்துல பூட்டி வச்ச ஓலையில கரையான் தின்னது போக மிச்சம்தான் நமக்குக் கெடைச்சுதுன்னு சொல்லுவாங்க. ஆனா அதுல இல்லாத சம்பந்தர் பதிகம் ஒண்ணு, 1917ல திருவிடைவாய் கோயில் கல்வெட்டுல கெடைச்சுது. "ஒரே எடத்துல வச்சா கரையானுக்கு. இன்னொரு எடத்துல, இன்னொரு மாதிரி வச்சவன் காப்பாத்தினான்"ன்னாரு. அப்புறம் நம்ம உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, கி.பி. 919லயும் 921லயும் வெட்டினது. வாரியத்துல இருந்துட்டுக் கணக்கு காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது, அவன் சொந்தக்காரனும் நிக்க முடியாதுன்னு அதுல விதி இருக்கு. "நீ நின்னா செல்லாது. உன்னால நானும் போச்சு"ன்னு சொல்லிட்டு, ரெஜிஸ்டரைத் தொறந்து புதுசா ஒரு கோடு கிழிச்சாரு. தலைப்பு: 'காப்பி எடுத்த தேதி'. இப்ப மாசம் ஒரு காப்பி அம்பத்தூருக்கு வருது. கையெழுத்து நான் போடணும்.

இப்ப அந்த உடும்பு. ராஜா வெட்டச் சொன்னாரு, அடி சாமி மேல பட்டுச்சு. நான் அந்த சனிக்கிழமை ராத்திரி மண்வெட்டியை ஓங்கியாச்சு. டிஸ்க் காணோம்னா, அது புத்துக்குள்ளதான் எங்கயோ இருக்கு. சீரியல் நம்பரைப் பாருங்க, கை வச்சு அதிருதான்னு பாருங்க, காணாமப் போனதுங்களுக்குப் பொதுவா எது இருக்குன்னு தேடுங்க. அது வரைக்கும் 'அழி'ன்னு வர்ற எந்தப் பொத்தானையும் தொடாதீங்க.

டிஸ்கி: பேரே டிஸ்கி, விட முடியுமா? கருகின வாசனை வருதுன்னு வீட்டுல பெரியவங்க சொன்னா, குப்பை எரிக்கிறாங்கன்னு சொல்லாதீங்க. எழுந்து போய்ப் பாருங்க.