பாடு இல்லாத பங்காளிகள்

வலையில் சிக்கிய நீர்க்காகத்தை விடுவிப்பது லேசான வேலையில்லை. பழவேற்காடு ஏரியில், கோட்டைக்குப்பத்து நண்பரின் படகில் போன ஒரு விடியற்காலையில் அதை அருகிலிருந்து பார்த்தேன். நைலான் இழை இறக்கை மடிப்புக்குள் மூன்று சுற்று இறுகியிருந்தது. அலகின் நுனி கொக்கிபோல் வளைந்தது. கொத்தினால் விரல் சதை பிய்ந்துவிடும். அவர் தலைத்துண்டை அவிழ்த்து அதன் கண்ணை மூடினார். துடிப்பு அடங்கியது. கத்தியை எடுத்து நாலைந்து கண்ணியை அறுத்துவிட்டார்.

"வலையைப் பின்னிக்கலாம் சார். றெக்கை போனா யாரு பின்றது?"

இந்தப் பறவைகளால் நஷ்டம் இல்லையா என்று கேட்டேன். "இல்லாம? மாட்டுன மடவையைப் பாதி தின்னுட்டு மீதிய நமக்கு வுட்டுட்டுப் போவும்" என்றார். குரலில் எரிச்சல் இருந்தது, பகை இல்லை.

பழவேற்காட்டில் தண்ணீருக்கும் முறை உண்டு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் யார், எந்த இடத்தில், எந்த நாள் சுத்துவலை கட்டுவது என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. பறவைகளுக்கோ பாடும் இல்லை, ஊர்க்கணக்கில் தலைக்கட்டும் இல்லை. கூழைக்கடாக்கள் வரிசை கட்டி மீனை ஆழமில்லாத பக்கம் ஓட்டிப் பிடிக்கின்றன. பூநாரைமேல் மட்டும் யாரும் மீன்பழி போடக் கூடாது. அது அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சேற்றுநீரிலிருந்து பாசியையும் பொடிப் பூச்சிகளையும் வடிகட்டித் தின்கிறது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து புல்லையும் வயல் பயிரையும் மேயும்.

பறவைத் தொல்லையை வேறு ஊர்கள் வேறு விதமாகக் கையாண்டன. 2009 ஜனவரியில் நியூயார்க்கில் கனடா வாத்துக் கூட்டம் மோதி ஒரு விமானம் ஹட்சன் ஆற்றில் இறங்கியது. அந்தக் கோடையிலேயே அந்த நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்துகள் பிடித்துக் கொல்லப்பட்டன. உயிர்ப்பயம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்தச் செய்தியைப் படித்தபோது மனம் வேடந்தாங்கலுக்குத்தான் ஓடியது. பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் பாய்ந்தால் நெல் செழிக்கும் என்று கண்டுகொண்ட அந்த ஊர் விவசாயிகள், பறவைகளைச் சுடக் கூடாதென்று 1798-லேயே கலெக்டரிடம் எழுத்து வாங்கினார்கள். தொல்லையையும் வரவையும் ஒரே கணக்கில் எழுதத் தெரிந்தவர்கள்.

பழவேற்காட்டாரும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். நீர்க்காகம் கூட்டமாக முங்கும் இடத்தில் மீன் இருக்கிறது என்று படகைத் திருப்புகிறார்கள். நண்பருக்கு உண்மையான கவலை, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தைப் பற்றியது. மணல் மேடிட்டு அது அடைத்துக்கொண்டால், கடலிலிருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வர வழியில்லை. கோடையில் தண்ணீர் வற்றி உப்பு ஏறுகிறது. "வாய் அடைச்சா எங்க வயிறும் அடைஞ்சிடும், இதுங்க வயிறும் அடைஞ்சிடும். இது தின்றதையா சார் நான் எண்ணினு இருப்பேன்?" இதை ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் ஒவ்வொருவரும் அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

துண்டை விலக்கியதும் நீர்க்காகம் தண்ணீரை அடித்துக்கொண்டு பறந்து வலைக்கழி ஒன்றின்மேல் உட்கார்ந்தது. நனைந்த இறக்கை இரண்டையும் விரித்து வெயிலுக்குக் காட்டியது. அவர் வலையின் கிழிசலை மடியில் இழுத்துப் போட்டு ஊசியில் நூல் ஏற்றினார்.