எழுந்திரு என்று சொல்ல முடியாத வீடு



கடந்த இரண்டு மாதங்களாக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். அதனால் எழுத்துப் பக்கம் தலைவைக்க இயலவில்லை. நாற்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்த வீடு அது. வரும் மாதம் நானும் என் துணைவியாரும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு, மகளிடம் குடிபெயர்கிறோம். எஞ்சிய வாழ்நாள் அங்கேதான். "சார் ஊரைவிட்டே போகிறாராமே" என்று பழைய மாணவர்கள் பலர் தொலைபேசியில் கேட்டுவிட்டனர். அவர்களிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஒருமுறை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

சுங்கைப் பட்டாணியில், மணிக்கூண்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத் தொலைவில், ஒரு தாமானின் நடு வரிசையில் இருக்கும் மலிவு விலை வீடு. இரண்டு அறைகள், ஒரு கூடம், பின்னால் சமையற்கட்டு. சமையற்கட்டுச் சன்னல் வழியே ஜெராய் மலை தெரியும். தெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பின்வரிசைக்காரர் மாடி எழுப்பியதிலிருந்து மலையின் தோள் மட்டுமே தெரிகிறது. அப்பா 1978இல் இவ்வீட்டை வாங்கினார். பால்மரம் சீவியவருக்கு வீடு வாங்கும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று தோட்டத்தில் பலரும் வியந்தார்களாம். அது துணிச்சலன்று, அச்சம். அந்த அச்சம் எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் இவ்வீட்டைப் பற்றிச் சொல்ல இயலாது.

தாத்தா 1930களில் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தவர். கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. அதாவது, நிரந்தரவாசி, ஆனால் குடிமகன் அல்லர். குடியுரிமைக்கு மனுச் செய்யுங்கள் என்று கிராணியார் முதற்கொண்டு பலரும் சொல்லியிருக்கின்றனர். "இங்கேதானே இருக்கிறேன், அதற்கு ஒரு தாள் எதற்கு?" என்பது அவருடைய கேள்வி. நியாயமான கேள்விதான். 1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய இனி அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. தாத்தாவுக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. வேலை போனது, வேலையோடு லயத்து வீடும் போனது. தோட்டத்து வீடு என்பது பெயர்ப் பதிவேட்டோடு ஒட்டிய வீடு. பதிவேட்டில் பெயர் வெட்டுண்டால், முப்பது ஆண்டுகள் மெழுகிய தரையாயினும் எழுந்துவிட வேண்டியதுதான். அக்காலத்தில் இவ்வாறு தமிழகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 60,000 பேர் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அவர்களுள் இருவர் என் தாத்தாவும் பாட்டியும்.

1970இல், பினாங்குத் துறைமுகத்தில் அவர்களை ரஜூலா கப்பலில் ஏற்றிவிட்டோம். எனக்கு அப்போது அகவை ஏழு. கூட்டம், வெயில், அழுகை எல்லாம் மங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. தெளிவாக நினைவிருப்பது தாத்தாவின் தகரப் பெட்டி. அதன்மேல் அப்பா வெள்ளைச் சாயத்தில் தாத்தாவின் பெயரை எழுதியிருந்தார். அதில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. எழுத்தறிந்த நாள் முதல் அந்த விடுபட்ட ஒற்று என் கண்ணை விட்டு அகலவில்லை. தமிழாசிரியனின் புத்தி, வேறென்ன சொல்ல!

1974இல் தாத்தா மறைந்தார். நீல நிற வான்மடல் வந்து சேர்ந்தபோது காரியமே முடிந்திருந்தது. பாட்டியையேனும் பார்த்துவிட வேண்டும் என்று அப்பா கப்பல் கட்டணத்துக்குச் சிறுகச் சிறுகச் சேர்த்தார். 1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் கடலில் தீப்பற்றி எரிந்தது. பயணிகள் கப்பல் போக்குவரத்தும் அதோடு நின்றுபோனது. விமானக் கட்டணத்துக்கு அப்பாவின் சேமிப்பு எட்டவில்லை. மறு ஆண்டே பாட்டியும் போய்விட்டார்.

இந்த மனிதர்தாம் அம்மாவின் தாலிக்கொடியை அடகுக்கடையில் வைத்து முன்பணம் கட்டி வீடு வாங்கியவர். பதினைந்து ஆண்டுகள் மாதந்தோறும் தவணை கட்டினார். கடன் தீர்ந்து நிலப்பட்டா கைக்கு வந்த நாளில் அதனைச் சாமிப் படத்தின் முன் வைத்துவிட்டுச் சொன்னார்: "இனிமேல் ஒருத்தனும் நம்மைப் பார்த்து எழுந்திரு என்று சொல்ல முடியாது." அவர் அதிகம் பேசுபவர் அல்லர். 1996இல் மருத்துவமனைக் கட்டிலில் என்னிடம் கேட்டுக்கொண்டதும் ஒன்றே ஒன்றுதான்: வீட்டை விற்றுவிடாதே. நான் தலையசைத்தேன்.

அந்த வீட்டைத்தான் இப்போது விற்றிருக்கிறேன்.

காரணம் கேட்போருக்கெல்லாம் பேரனைச் சொன்னேன். பேரன் ஒரு காரணம்தான். ஐந்து வயதுப் பிள்ளை, தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் விடை சொல்கிறான். உண்மையான காரணம் வேறு. 2022இல் ஒரு நாள் காலை குளியலறையில் வழுக்கி விழுந்தேன். துணைவியார் சந்தைக்குப் போயிருந்தார். மூன்று மணி நேரம் ஈரத்தரையில் கிடந்து கூப்பிட்டேன். ஒரு காலத்தில் இவ்வரிசையில் யார் வீட்டில் கடுகு தாளித்தாலும் மற்ற வீட்டாருக்குத் தெரியும். அன்று என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்து வீடுகள் இரண்டும் பூட்டிக் கிடக்கின்றன. எதிர் வீட்டில் வாடகைக்கு இருப்போர் இரவுப்பணி முடித்துவிட்டுப் பகலில் உறங்குபவர்கள். யார்மீதும் குறையில்லை. யாரும் எழுந்திரு என்று சொல்லாத வீடு சரி. விழுந்தால் எழுப்பிவிட ஆளில்லாத வீடாகவும் அது ஆகிவிட்டது.

மகள் ஒரே பிள்ளை. பெர்த்தில் தாதியாகப் பணிபுரிகிறாள். பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள அங்கே இரண்டு வகை விசா உண்டு. கட்டணம் குறைந்த வகையில் வரிசை முப்பது ஆண்டுகள் நீளும். அதற்குள் விசா கிடைத்து யாருக்குப் பயன்? மற்றொரு வகையில் ஆளுக்கு ஏறத்தாழ 48,000 ஆஸ்திரேலிய டாலர் கட்ட வேண்டும். மகள் 2018இல் எங்களுக்காக விண்ணப்பித்தாள். ஏழு ஆண்டுகள் கழித்து அழைப்பு வந்தது. இருவருக்குமான கட்டணம் நம் பணத்தில் இரண்டரை லட்சம் ரிங்கிட்டுக்கு மேல். வீடு இரண்டு லட்சத்துச் சொச்சத்துக்குத்தான் விலைபோனது. வீட்டுப் பணம் முழுவதும் அதற்கே சென்றது. எஞ்சியதை என் பணிக்கொடை ஈடுசெய்தது. அப்பா பதினைந்து ஆண்டுகள் கட்டிய தவணையை, இன்னொரு நாட்டில் இருப்பதற்கான அனுமதிச் சீட்டாக மாற்றிக்கொண்டேன். இப்படி எழுதிப் பார்க்கும்போது கை கூசுகிறது.

அது மட்டுமன்று. அங்கே நான் நிரந்தரவாசி, குடிமகன் அல்லன். மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிறந்த நாட்டின் கடப்பிதழைத் துறக்க எனக்கு மனமில்லை. ஆகவே அறுபத்திரண்டு அகவையில், காசு கொடுத்துத் தாத்தாவின் சிவப்பு அட்டையை நானே வாங்கிக்கொள்கிறேன். "உங்கள் தாத்தாவைத் துரத்தினார்கள், நம்மைப் பெற்ற பெண் கூப்பிடுகிறாள். இரண்டும் ஒன்றா?" என்கிறார் துணைவியார். ஒன்றல்லதான். ஐந்தரை மணி நேரத்தில் விமானத்தில் திரும்பி வந்துவிடலாம். ஓய்வூதியம் மாதந்தோறும் வரும். ஆயினும் இரவில் உறக்கம் வராதபோது தகரப் பெட்டிதான் கண்முன் வருகிறது.

தம்பிக்கு இதில் உடன்பாடில்லை. பினாங்கில் தொழிற்சாலை வேலை, மூன்று பிள்ளைகள். அவனால் வீட்டை வாங்கிக்கொள்ள இயலவில்லை என்பதே அவனுக்குப் பெருங்கோபம். "அப்பா கேட்டால் என்ன சொல்வீங்க, அண்ணே?" என்றான். விடை சொல்லத் தெரியவில்லை. விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கொடுக்க முன்வந்தேன்; தொடமாட்டேன் என்றுவிட்டான். மூன்று மாதங்கள் பேசவில்லை.

வீட்டை வாங்கியவர் லாரி ஓட்டும் இளைஞர். தம் தாயாரை அழைத்து வந்து வீட்டைக் காட்டினார். அந்த அம்மையார் அறைகளைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்க்கவில்லை. கூடத்தில் நின்றபடியே மகனிடம் தாழ்ந்த குரலில், "பட்டா யார் பேருல வருது?" என்று கேட்டார். எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்று நான் கேட்கவில்லை. அதற்கு முன் கூடுதல் விலை பேசிய தரகர் ஒருவர் இருந்தார். அவருக்கு மறுநாளே இல்லையென்று சொல்லிவிட்டேன்.

பொருள்கள் பெரும்பாலும் தீர்ந்துவிட்டன. புத்தகங்கள் பள்ளி நூலகத்துக்குப் போயின. 2021இல் கைவிடப்பட்ட யூ.பி.எஸ்.ஆர். தேர்வுக்காக ஆண்டுதோறும் நான் தயாரித்த பயிற்சித் தாள்கள் மட்டும் நான்கு மூட்டைகள்; பழைய தாள்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டார். கறிவேப்பிலைக் கன்று ஒன்றைக் கொண்டுபோக முடியுமா என்று துணைவியார் கேட்டதற்கு, "அம்மா, விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்" என்று மகள் சிரித்தாள். செடி, விதை, மண் ஒட்டிய பொருள் என எதையும் அந்நாட்டார் எளிதில் உள்ளே விடுவதில்லையாம். அலமாரியின் அடியில் அப்பாவின் தவணை இரசீதுகள் கிடைத்தன. ஆண்டுக்கு ஒரு கட்டாக ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். எண்ணிப் பார்த்தேன், நூற்று எண்பது. ஒன்றும் குறையவில்லை. வளையங்கள் இற்றுத் தாளோடு ஒட்டிப் போயிருந்தன. அவற்றைக் கைப்பையில் எடுத்துப் போகிறேன்.

அம்மி மட்டும் எஞ்சியிருந்தது. 2019இல் மறையும்வரை அம்மா அதில்தான் அரைத்தார். சென்ற ஞாயிறன்று, சொல்லாமல் கொள்ளாமல் தம்பி காரில் வந்து இறங்கினான். பசியாறினாயா என்று கேட்டேன். வழியிலேயே ஆயிற்று என்றான். நேராகப் பின்கட்டுக்குப் போய், மகனும் அவனுமாக அம்மியைத் தூக்கி வந்து காரின் பின்புறம் வைத்தார்கள். கார் சற்றே தாழ்ந்தது. குழவியை நான் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவன், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"அந்த விசா என்ன நிறம், அண்ணே? சிவப்பா?"

"அட்டையெல்லாம் கிடையாதுடா. கணினியில் பெயர் இருக்குமாம், அவ்வளவுதான்."

"பெயரைச் சரியா எழுதியிருக்காங்களான்னு பார்த்தீங்களா?"

பார்த்துவிட்டேன் என்றேன். மூன்று மாதங்களுக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தான்.